ஓசூருக்கு ஏது கடல்?

ஓசூரில் வேலை பார்க்கிற பிரம்மச்சாரிக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தால் அவன் செய்யக் கூடியது மூன்றே மூன்று. ஒன்று, அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூர் போய், டிராஃபிக்கில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வரலாம். இரண்டு, ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மீன் சாப்பிடலாம். மூன்று, ரூமில் மல்லாந்து படுத்து, ஃபேன் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணலாம். மூன்றையும் செய்து அலுத்துப் போனவர்களுக்கு அடியேன் தரும் யோசனை: கடலுக்குப் போங்கள்!

"ஓசூருக்கு ஏது சார் கடல்?" என்பீர்கள். நியாயம்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிற ஊர் நம்முடையது. ஆனாலும் நமக்கென்று ஒரு கடற்கரை இருக்கிறது. சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். அதன் பெயர் பரங்கிப்பேட்டை.

எங்கள் ரூமில் நாலு பேர். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இல்லை, டிபார்ட்மென்ட்தான் பெயர். டூல் ரூம், ஸ்டோர்ஸ், க்யூ.சி., அக்கவுன்ட்ஸ். கடைசி ஆசாமி நான். ஸ்டோர்ஸ் எதையும் எண்ணாமல் விடமாட்டான். க்யூ.சி. எதையும் ரிஜெக்ட் பண்ணாமல் விடமாட்டான். டூல் ரூம் பேசவே மாட்டான். இரும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். (வீட்டு ஓனர் அம்மா கன்னடம், பக்கத்து வீடு தெலுங்கு, நாங்கள் தமிழ். வாடகை கேட்கும்போது மட்டும் மூன்று மொழியும் எங்களுக்குப் புரியாது.)

குடியரசு தினம் திங்கட்கிழமையில் வந்து விழுந்தது. "பிச்சாவரம் போலாம்டா. எம்.ஜி.ஆர். போட்ல போவாரே, அந்த இடம்" என்றான் ஸ்டோர்ஸ். "பிச்சாவரம் போறவன் எல்லாம் பக்கத்துல இருக்கிற பரங்கிப்பேட்டையை எட்டிக்கூடப் பார்க்காம வந்துடறான். ரெண்டையும் பார்ப்போம்" என்றேன் நான். சனிக்கிழமை செகண்ட் ஷிப்ட் முடிந்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம்.

*

கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று ஊர்கள் இருட்டில் போய்க்கொண்டே இருந்தன. விழுப்புரம் தாண்டி பண்ருட்டி போகிற வழியில் கண்டரக்கோட்டை அருகே பெரிய ஆற்றுப் பாலம். விடிகிற நேரம். அகலமாக மணல், நடுவில் வெள்ளிக் கம்பி மாதிரி கொஞ்சம் தண்ணீர். இறங்கிக் கைகாலை உதறினோம்.

"இது என்ன ஆறு?" என்றான் ஸ்டோர்ஸ்.

"தென்பெண்ணை. நம்ம ஆறுடா."

"நம்ம ஆறா? அப்ப நுரை எங்கே?"

சிரித்துவிட்டோம். ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் புறப்படுகிறது. அங்கே அதற்கு தட்சிண பினாகினி என்று பக்திப் பெயர். அப்புறம் பெங்களூரின் ஓரமாக வருகிறது. வருகிற வழியில் ஊர்க் கழிவுநீர், தொழிற்சாலைக் கழிவு, லட்சக்கணக்கான வீடுகளின் சோப்புத் தண்ணீர் எல்லாம் சேர்ந்துகொள்கிறது. நம்ம கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் திறந்ததும் தண்ணீர் மேலிருந்து விழுந்து கலங்க, உள்ளே இருக்கிற சோப்பு வேலை செய்ய, மதகுக்குக் கீழே நுரை மலை மலையாக எழும்பும். காற்றடித்தால் ரோட்டுக்கும் வயலுக்கும் வரும். டி.வி.க்காரர்கள் வந்து படம் பிடிப்பார்கள். நாமும் செல்ஃபி எடுத்துக்கொள்வோம்.

அதே ஆறு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாம் தாண்டி, கடலூருக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நம்ம ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு சுமார் 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறந்துவிட வேண்டியதாயிற்று. முழங்கால் வரை, கழுத்து வரை தண்ணீரில் நின்றவர்கள் விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக்காரர்கள். மேட்டில் பெய்ததற்குப் பள்ளத்தில் இருப்பவன் பதில் சொன்னான்.

"அப்ப நாம ஃப்ளஷ் பண்றதெல்லாம்..." என்று ஆரம்பித்தான் ஸ்டோர்ஸ். டீ குடிக்கிற நேரத்தில் வேண்டாம் என்று அவன் வாயைப் பொத்தினோம்.

*

பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் வடகரையில் இருக்கிற ஊர். வெள்ளைக்காரனுக்குப் 'போர்ட்டோ நோவோ'. போர்த்துகீசிய மொழியில் புதுத் துறைமுகம். 16-ம் நூற்றாண்டின் கடைசியில் போர்த்துகீசியர் வந்தார்கள். பரங்கிகள் இருந்ததால் பரங்கிப்பேட்டை. பின்னாலேயே டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தார்கள். உள்ளூர் மரைக்காயர்கள் கப்பல் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தார்கள். தறித் துணிதான் முக்கியச் சரக்கு.

1733-ல் சுவீடன் கம்பெனிக்காரர்களும் வந்து இறங்கி, ஒரு கிட்டங்கி போட்டுச் சரக்கைச் சேர்த்தார்கள். அப்போது சென்னையில் இருந்த ஆங்கிலேயருக்கும் பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் மூன்றாவதாக ஒருத்தன் கடை போட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து போய் சுவீடன்காரர்களின் கிட்டங்கியை மடக்கிவிட்டார்கள்! உங்கள் ஆபீஸில் எலியும் பூனையுமாக இருக்கிற இரண்டு மேனேஜர்கள், புதிதாக மூன்றாவது மேனேஜர் வந்ததும் கேன்டீனில் ஒரே டேபிளில் உட்காருவார்களே, அதேதான்.

நம்ம பக்கத்து ஆள் ஒருவரும் இங்கே வந்து மாட்டிக்கொண்டிருக்கிறார். ஹைதர் அலி. பிறந்தது கோலார் மாவட்டத்து பூதிக்கோட்டை. ஓசூரிலிருந்து பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை அவர் கையில் இருந்த கோட்டை. 1781 ஜூலை 1-ம் தேதி பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் படையோடு மோதினார். கூட்டிடம் இருந்தது சுமார் 8,000 பேர். ஹைதரிடம் அதைப்போலப் பல மடங்கு. ஆனாலும் ஹைதர் தோற்றார்.

அன்றைக்கு ஹைதர் ஒரு மேட்டில் முக்காலி போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தோற்பது தெரிந்தும் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம். அருகே போய் "கிளம்பலாம்" என்று சொல்லுகிற தைரியம் யாருக்கும் இல்லை. கடைசியில் பழைய குதிரைக்காரர் ஒருவர் போய், காலை இழுத்துச் செருப்பை மாட்டிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது குதிரையில் ஏறுங்கள் என்கிற மாதிரிச் சொல்லி ஏற்றிவிட்டாராம். வில்க்ஸ் என்கிற ஆங்கிலேயர் தன் மைசூர் சரித்திரத்தில் இதை எழுதியிருக்கிறார்.

ஏன் தோற்றார்? காரணம் பல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். உள்நாடு முழுக்க ஹைதரின் குதிரைப்படை சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டின் படைக்கு ஒரு மூட்டை அரிசி தரை வழியாக வராது. வந்ததெல்லாம் கடல் வழியாக. கரையோரம் ஆங்கிலேயக் கப்பல்கள் நின்றன. நிலம் ஹைதர் பக்கம், கடல் கூட் பக்கம். கடல் இல்லாத சீமையிலிருந்து வந்த மனிதருக்கு அந்தக் கடலை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

*

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி. "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"ஓசூர், பாய்."

"அடடே! நம்ம பேரன் அங்கனதான் மெஷின் ஷாப்ல இருக்கான். சிப்காட். பொங்கலுக்கு வந்துட்டுப் போனான். எளச்சுப் போயிட்டான்."

"ஓசூர் மெஸ் சாப்பாடு பாய். எல்லாருமே அப்படித்தான்" என்றான் க்யூ.சி. அவன் ரிஜெக்ட் செய்யாத மெஸ் ஓசூரில் கிடையாது.

பெரியவர் சிரிக்கவில்லை. "இங்க என்ன வேலை இருக்கு, சொல்லுங்க. கடல் இருக்கு. போட்டு வெச்சிருக்கிறவன் கடலுக்குப் போறான். மத்தவன் வெளிநாடு, இல்லாட்டி உங்க ஊரு. ஒரு காலத்துல இந்த ஊருலயே இரும்பாலை இருந்துச்சாம். எங்க பாட்டனாரு சொல்லுவாரு."

'இரும்பு' என்று காதில் விழுந்ததும் டூல் ரூம் டீ டம்ளரைக் கீழே வைத்தான். இனி அவனை நிறுத்த முடியாது. அவன் வழியெல்லாம் சொல்லி வந்ததன் சுருக்கம் இது.

ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் நல்ல உத்தியோகம். சேலம் பக்கத்து இரும்புத் தாதுவைப் பார்த்ததும் மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வேலையை விட்டார். 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் உலை போட்டார். இங்கிலாந்து முறையில் இந்தியாவில் இரும்பு உருக்கப் பெரிய அளவில் நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று. தாது சேலம் சீமையிலிருந்து பரிசலில் ஏறி ஆற்று வழியாக வந்ததாம். ஆமாம், நாம் ஒகேனக்கலில் ஏறி உட்கார்ந்து கத்துகிறோமே, அதே பரிசல்!

ஆனால் இங்கே நிலக்கரி கிடையாது. மரக்கரிதான். உலைக்குப் பசி எடுக்க எடுக்க, சுற்றுவட்டாரக் காடு கரைந்தது. மரத்தைத் தேடித் தூரம் போகப் போக, கரியின் விலை ஏறியது. இன்னொரு பக்கம் இங்கிலாந்து இரும்பு சல்லிசாக வந்து இறங்கியது. கைமாறிக் கைமாறிப் பார்த்தார்கள். அரை நூற்றாண்டுகூடத் தாங்கவில்லை. கம்பெனி மூடப்பட்டது.

ஹீத் கதை இன்னும் பரிதாபம். உருக்கில் மாங்கனீஸ் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு வரும் என்று கண்டுபிடித்து, 1839-ல் இங்கிலாந்தில் பேட்டன்ட் வாங்கினார். ஷெஃபீல்டு உருக்குக்காரர்கள் அதனால் கொழித்தார்கள். ஹீத்துக்கு மட்டும் எதுவும் வரவில்லை. பேட்டன்ட்டில் எழுதியிருந்தது ஒரு மாங்கனீஸ் சரக்கு; அவர்கள் வேறு இரண்டு சரக்கைப் போட்டு, மூசைக்குள்ளேயே அதைத் தயாரித்துக்கொண்டார்கள். வருஷக்கணக்காகக் கோர்ட்டு. கேஸ் முடிவதற்குள் அவர் முடிந்துவிட்டார். கம்பெனி பாண்டில் கையெழுத்துப் போடுகிற தம்பிகளே, பொடி எழுத்தையும் படியுங்கள்!

நாங்கள் சுற்றியவரை ஒரு சிம்னிகூடக் கண்ணில் படவில்லை. பழைய வீடுகள், பள்ளிவாசல்கள், மீன் இறங்குகிற அன்னங்கோயில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். இவ்வளவுதான். அன்றைக்கு மேட்டிலிருந்து இரும்பு இறங்கி இங்கே வந்தது. இன்றைக்கு இங்கேயிருந்து பையன்கள் ஏறி மேட்டுக்கு வருகிறார்கள், இரும்பு சீவ. 'நம்ம சிப்காட்டும் ஒரு நாள் இப்படித் தடமில்லாமல் போகுமோ?' என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. டூல் ரூமுக்கும் ஓடியிருக்க வேண்டும். வெகுநேரம் இரும்பைப் பற்றிப் பேசவில்லை.

*

வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் கிள்ளை. அதை ஒட்டி பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிற சதுப்புக் காடு. 1975-ல் வந்த 'இதயக்கனி' இங்கே எடுத்தது. 2008-ல் வந்த 'தசாவதார'மும் இங்கே எடுத்ததுதான். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பெயர் வாங்கியது. (எங்கள் ஸ்டோர்ஸைப் பொறுத்தவரை 1975-லேயே வாங்கிவிட்டது.)

மோட்டார் போட் வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் போட் அகலமான வாய்க்காலில் மட்டும் ஓடும். துடுப்புப் படகுதான் சந்துக்குள் நுழையும். இரண்டு பக்கமும் மரம் குனிந்து கூரை போட்டிருக்கிறது. தலையைத் தாழ்த்திக்கொண்டு போக வேண்டும். சத்தமே இல்லை. எட்டு மணி நேரம் பிரஸ் ஷாப் சத்தத்தில் நிற்கிற காது, முதல் ஐந்து நிமிஷம் இதை நம்பவில்லை.

படகுக்கார அண்ணன் ஒவ்வொன்றாகக் காட்டினார். முட்டுக் கொடுத்த மாதிரி வேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குகிறது. தயாரானதும் கீழே விழுந்து, சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்து போய் வேறு இடத்தில் வேர் பிடிக்கும். ஐ.டி.ஐ. முடித்துப் பெட்டியோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிற பையன் மாதிரி!

சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பது வெண்கண்டலின் மூச்சு வேர். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றிவிடுகிறது. இலையை நக்கிப் பார்த்தான் ஸ்டோர்ஸ். "உப்பு ஓகே."

க்யூ.சி. ஒரு கிளையை ஒடிக்கக் கை நீட்டினான். "தம்பி, தொடாதீங்க! தில்லை மரம். பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்." சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இந்த மரத்தால்தான்.

"சுனாமி வந்தப்ப இங்க எப்படிண்ணே?" என்றேன்.

"காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்க தப்பிச்சிச்சு தம்பி. மணல்ல, கடலைப் பார்த்து இருந்த ஊருங்க போச்சு." அவர் துடுப்பைக் கொஞ்ச நேரம் போடவில்லை. கடலூர் மாவட்டக் கரையில் நடத்திய ஆய்வு ஒன்று 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மரம் அடர்ந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்று அதுவும் அதைத்தான் சொன்னது.

ஆனால் இந்தக் காடே ஒரு காலத்தில் செத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள். திரும்ப வளர்ந்துவிடும் என்று கணக்கு. வளரவில்லை. நிழல் போனதும் வெயில் மண்ணை வறட்டியது. ஈரம் காய்ந்து மண் அமுங்கி, தட்டு மாதிரி பள்ளமானது. அலையில் ஏறி வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது. தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் நின்றது. உப்பிலேயே வாழ்கிற மரத்துக்கே தாங்காத உப்பு!

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் ஜனங்களைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். முதல் வேலை கன்று நடுவது அல்ல. மீன் முள் மாதிரி, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்தது. உப்பு இறங்கியது. அதன் பிறகு நட்ட கன்று பிழைத்தது.

"கன்னு நட்டு போட்டோ புடிச்சா போதாது தம்பி. தண்ணி வந்து போக வழி வேணும்" என்றார் படகுக்காரர்.

க்யூ.சி. முகத்தில் அப்படி ஒரு பரவசத்தை நான் பார்த்ததில்லை. "மச்சி, நம்ம மீட்டிங்ல வாரம் பூரா ரூட் காஸ், ரூட் காஸ்னு கத்துறாங்களே... இதாண்டா ரூட் காஸ்!" ஓசூர் வந்த நாளிலிருந்து அவன் அப்ரூவ் செய்த முதல் ஐட்டம் இது.

*

போகிறவர்களுக்குச் சில டிப்ஸ். காலையில் போங்கள், வெயில் ஏறினால் படகில் வறுபடுவீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெளிநாட்டுப் பறவைகள் வரும். தொப்பி வேண்டும். பிளாஸ்டிக் பையை, பாட்டிலைத் தண்ணீரில் போடாதீர்கள். பரங்கிப்பேட்டையில் ஒரு அரை நாளாவது நில்லுங்கள். மீன் சாப்பாட்டை க்யூ.சி. பாதி மனதோடு பாஸ் செய்தான். வெளுத்துக் கட்டலாம் என்று அர்த்தம்.

துறைமுகம் போனது. ஹைதர் போனார். பரங்கிகள் போனார்கள். உலை அணைந்து, சிம்னியும் போனது. அத்தனைக்கும் பிறகு அங்கே நிமிர்ந்து நிற்பது, தண்ணீருக்கு வழிவிட்டுப் பிழைத்த ஒரு காடு. அந்தக் காட்டுக்கு வடக்கே கடலூர்ப் பக்கம் நம்ம தென்பெண்ணை கடலில் கலக்கிறது. கடலூரிலும் ஒரு சிப்காட், அங்கேயும் ஜனங்களுக்குத் தண்ணீர்ப் பிரச்னை. இதற்கு மேல் நம்முடையதும் சேர வேண்டுமா என்பதுதான் கேள்வி. பெங்களூர் கழிவு நாம் கேட்டு வரவில்லை, சரி. ஓசூரில் நாம் சாக்கடையில் விடுவதற்கு யார் கணக்கு எழுதுவது? அக்கவுன்ட்ஸ்காரன் கேட்கிறேன்.

திங்கட்கிழமை ராத்திரி ரூமுக்கு வந்ததும் ஸ்டோர்ஸ் பக்கெட்டில் துணியை ஊற வைத்தான். சோப்புப் பவுடர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"மச்சி, இதுல எத்தனை ஸ்பூன் போட்டா கடலூர் வரைக்கும் போகும்?"

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக நாலு போடுகிறவன், ஒன்றே ஒன்று போட்டான். க்யூ.சி. மறுநாள் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "பாஸ்" என்றான்.